ஆப் வாங்கலாமா, டியூஷன் போடலாமா, ஓசி வீடியோவே போதுமா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

காலாண்டு மார்க் வந்ததும் எல்லா வீட்லயும் கிளம்புற கேள்வி இது. "கணக்குல 38 தான் எடுத்துருக்கா, அந்த ஆப்ப வாங்கிடலாமா, இல்ல பக்கத்து தெரு டீச்சர்கிட்டயே சேத்துடலாமா?" சொந்தக்காரங்க, ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவங்க, அபார்ட்மென்ட் வாட்ஸப் க்ரூப்னு எங்க பாத்தாலும் இதான் ஓடுது. ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் நோட் போட்டு முடியல, அதனால மொத்தமா எழுதிடறேன்.

நான் டீச்சர் கிடையாது. ஒம்பதாவது படிக்கிற பொண்ணுக்கு அம்மா. அதுக்கு மேல, கொஞ்ச வருஷம் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனில லோன் ஃபைல் பாக்குற வேலைல இருந்தேன். டூவீலர், ஃப்ரிட்ஜ், ஃபோன்னு வந்துட்டிருந்த எடத்துல கொரோனா சமயத்துல 'எஜுகேஷன்'னு பேர் போட்டு குட்டி குட்டி லோனா வந்து குவிய ஆரம்பிச்சுது. காலேஜ் ஃபீஸ்னு நெனச்சு ஃபைலத் தொறந்தா ஆறாவது ஏழாவது படிக்கிற பிள்ளைங்களோட ஆப் சந்தா. அங்க உக்காந்து பாத்ததுனால வீடியோ எப்படி இருக்குங்கறத விட பேப்பர்ல என்ன எழுதிருக்குங்கறது தான் எனக்கு முதல்ல கண்ணுல படும்.

## எதை வச்சு அளக்குறது

பொதுவா எல்லாரும் கேக்குறது அனிமேஷன் நல்லாருக்கா, எத்தன மணி நேரம் கன்டென்ட் இருக்கு, டீச்சர் ஐஐடியா. எனக்கு இதுல எதுவுமே பெருசா படல. வீடியோங்கறது இன்னிக்கு ஓசில கொட்டிக் கெடக்கு, காரணிப்படுத்தலுக்கு தமிழ்லயே யூட்யூப்ல எவ்ளோ வேணும்னாலும் இருக்கு, அதுல சிலது காசு குடுத்து வாங்குறத விட நல்லாவே இருக்கு. காசு குடுக்குறோம்னா ஓசில கிடைக்காத ஏதாவது ஒண்ணு கைக்கு வரணும்ல. அந்தக் கணக்குல நான் பாக்குறது இதெல்லாம்.

நோட்டை யாரு பாக்குறா? இதான் எனக்கு முதல் கேள்வி, மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம். ஒரு உதாரணம் சொல்றேன். x² − 5x + 6 இத காரணிப்படுத்தணும். எம்பொண்ணு நோட்டுல −2, −3ன்னு சரியாவே எழுதிருக்கா. பக்கத்துல பென்சில்ல (−2) + (−3) = +5ன்னு போட்டு பாத்துருக்கா, −5 வரலையேன்னு மொத்தத்தையும் அடிச்சுட்டு விட்டுட்டா. அவளுக்கு காரணிப்படுத்தல் தெரியும். "மைனஸும் மைனஸும் ப்ளஸ்"னு பெருக்கலுக்கு சொல்லிக்குடுத்தத கூட்டலுக்கும் போட்டுக்கிட்டு இருக்கா, அவ்ளோதான். இது கீழ் வகுப்புலயே வந்துட்டுப் போன முழுக்கள் பாடம். அந்த பென்சில் கிறுக்கல பாத்த ஒருத்தங்க ரெண்டே நிமிஷத்துல கண்டுபிடிச்சுடுவாங்க. விடைய மட்டும் டைப் பண்ற எடத்துல சிவப்புல தப்புன்னு வரும், திரும்ப காரணிப்படுத்தல் வீடியோவே ஓடும், அவளும் திரும்ப அதையே பாத்துட்டு "எனக்கு மேத்ஸ் வராது"ன்னு முடிவு கட்டிடுவா.

பிள்ளை நிக்கிற எடத்துலருந்து ஆரம்பிக்குதா? வகுப்பு ஒம்பது, ஆனா கணக்குல நிக்கிறது ஆறாவதுல இருக்கலாம். இது உங்க வீட்டு பிரச்சன மட்டும் இல்ல. டெல்லில நடந்த ஒரு ஆராய்ச்சில ஆறாவது பிள்ளைங்க சராசரியா ரெண்டரை வகுப்பு பின்னாடி இருந்தாங்க கணக்குல. அந்த ஆராய்ச்சிக்கு பின்னாடி வர்றேன், சுவாரஸ்யமானது.

மொத்தமா எவ்ளோ ஆகுது? ஃபீஸ் மட்டும் இல்ல. ஜிஎஸ்டி, டேட்டா பேக், டேப் ஒடஞ்சா ரிப்பேர், ஆட்டோ, கைடு, வட்டி.

நிறுத்தணும்னா நிறுத்த முடியுமா? நாளைக்கே பிடிக்கலனா என்ன ஆகும்ங்கறத சேரும்போதே கேக்கணும்.

பிள்ளையோட தகவல் எங்க போகுது? பேரு, ஃபோன் நம்பர், எந்த ஸ்கூல், எந்த ஊரு, எதுல வீக்கு.

உங்க நேரம் எவ்ளோ போகும்? இத ஒருத்தரும் கணக்குல சேக்குறதில்ல, ஆனா ஓசில கிடைக்கிறதுக்கெல்லாம் நெஜ விலை இதான்.

## 1. காசு குடுத்து வாங்குற ஆப், டேப் பேக்கேஜ்

கொஞ்சம் நீளமா போகும் இந்தப் பகுதி, ஏன்னா காசு இங்க தான் அதிகமா போகுது.

நல்லத முதல்ல சொல்லிடறேன். ஸாஃப்ட்வேர் வச்சு கத்துக்குடுக்க முடியாதுன்னு நான் சொல்லவே மாட்டேன். மேல சொன்ன டெல்லி ஆராய்ச்சி, முரளிதரன், சிங், கனிமியன்னு மூணு பேர் பண்ணது, 2019ல அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூல வந்துச்சு. மைண்ட்ஸ்பார்க்னு ஒரு ஸாஃப்ட்வேர், நாலரை மாசம், 619 பிள்ளைங்க. பக்கத்துல அதே மாதிரி இருந்து அந்த வாய்ப்பு கிடைக்காத பிள்ளைங்கள விட இவங்க கணக்குலயும் ஹிந்திலயும் நல்லா முன்னேறிட்டாங்க, சும்மா கொஞ்சூண்டு இல்ல, நெஜமாவே பெரிய வித்தியாசம். ஆனா எப்படி நடந்துச்சுன்னு பாக்கணும். வீட்ல டேப்ப குடுத்துட்டு போகல. பிள்ளைங்க ஒரு சென்டருக்கு வரணும், 90 நிமிஷம், அதுல பாதி நேரம் கம்ப்யூட்டர், மீதி பாதி ஒரு ஆள் குரூப்பா உக்கார வச்சு சொல்லிக்குடுப்பாங்க. ஸாஃப்ட்வேரும் பிள்ளை எந்த வகுப்பு லெவல்ல நிக்குதுன்னு டெஸ்ட் வச்சு அங்கருந்து ஆரம்பிக்கும். எந்த மாதிரி தப்பு பண்றாங்கன்னு கூட பாக்கும்.

நம்மகிட்ட விக்க வர்றது இதுவா? பெரும்பாலும் கிடையாது. "ஒம்பதாவது மேத்ஸ் சயின்ஸ் ஃபுல் கோர்ஸ்"னு ஒம்பதாவது வீடியோ தான். யுனெஸ்கோ 2023 அறிக்கைல ஒரு கணக்கு வருது. இங்கிலாந்துல படிப்புக்கான ஆப், ஸாஃப்ட்வேர் பண்ற (எட்டெக்) கம்பெனிகள்ல 7% தான் முறையா ஒப்பிட்டு சோதனை பண்ணி பாத்துருக்காங்க. அங்கயே அப்படின்னா இங்க வீட்டுக்கு வந்து "95% மார்க் கேரண்டி"ன்னு சொல்றவர்கிட்ட எந்த சோதனைன்னு கேட்டுப் பாருங்க, உடனே பேச்ச மாத்திடுவார். அதே அறிக்கைல இன்னொண்ணு, இந்த மாதிரி பொருட்கள் சராசரியா 36 மாசத்துக்கு ஒருக்கா மாறிடுது. உங்ககிட்ட விக்கிறதோ மூணு வருஷ பேக்கேஜ்.

இப்ப காசு. பேக்கேஜ் முப்பதாயிரம், நாப்பதாயிரம், அதுக்கு மேலயும் போகும். ஒரே தவணைல யாரும் கட்ட மாட்டாங்கன்னு அவங்களுக்கும் தெரியும். அதனால "மாசம் 2,500 தான் மேடம், ஒரு நாளைக்கு பிரிச்சா டீ காசு"ன்னு வரும். நீங்க என்ன நெனைப்பீங்க, கம்பெனிக்கு மாசாமாசம் கட்டுறோம், வேணாம்னா நிறுத்திக்கலாம்னு. நெஜத்துல அந்த எடத்துல நடக்குறது என்னன்னா, உங்க ஆதார், பான் வாங்கி, ஓடிபி கேட்டு, உங்க பேர்ல ஒரு ஃபைனான்ஸ் கம்பெனில லோன் போட்டாச்சு. லோன் பணம் கோர்ஸ் விக்கிற கம்பெனிக்கு போயிடும். இனிமே நீங்க கடன்காரர், அந்த ஃபைனான்ஸ் கம்பெனிக்கு. ஆப் தொறக்கலனாலும், டேப் ஒடஞ்சாலும், பிள்ளை ஒரு நாள் கூட பாக்கலனாலும் தவணை தவணைதான். நான் பாத்த ஃபைல்கள்ல கஸ்டமர் கால் ரெக்கார்ட் எழுதிருப்பாங்க, பாதிக்கு மேல ஒரே வரி தான், "கஸ்டமர் இது லோன்னே தெரியாதுங்கறார்." அவர் பொய் சொல்லல. ஓடிபி கேட்டப்ப "ரெஜிஸ்ட்ரேஷனுக்கு"ன்னு சொல்லிருக்காங்க, அவரும் சொல்லிருக்கார். அப்புறம் அக்கவுன்ட்ல காசு இல்லாத மாசம் மேண்டேட் (தவணைய தானா எடுத்துக்கலாம்னு பேங்க்ல குடுத்த சம்மதம்) பவுன்ஸ் ஆகும், அதுக்கு ஃபைனான்ஸ் கம்பெனி ஒரு சார்ஜ், பேங்க் ஒரு சார்ஜ், கடைசில சிபில், அதாவது கடன ஒழுங்கா கட்டுறோமான்னு போடுற மார்க், அடி வாங்கும். ரெண்டு வருஷம் கழிச்சு வீட்டு லோனுக்கு போய் நிக்கும்போது தான் அந்த டேப் ஞாபகம் வரும்.

இது என் அனுபவம் மட்டும்னு நெனைக்காதீங்க. 2021 டிசம்பர்ல மத்திய கல்வி அமைச்சகமே ஒரு எச்சரிக்கை வெளியிட்டுச்சு, ஆட்டோ டெபிட்டுக்கு சம்மதம் குடுக்காதீங்க, விதிமுறைய படிங்க, தெரியாம லோன்ல கையெழுத்து போடாதீங்கன்னு. கம்பெனி பெருசு, கிரிக்கெட் ஜெர்சில எல்லாம் பேர் இருக்கு, ஓடிப் போயிடுமான்னு கேட்டவங்களுக்கு பைஜூஸ்ங்கற ஆப் கம்பெனி கதை போதும். 2022ல 2,200 கோடி டாலர்னு மதிப்பு போட்டாங்க. 2024 ஜூலைல பெங்களூர் என்சிஎல்டில (கம்பெனி வழக்குகள பாக்குற தீர்ப்பாயம்) திவால் நடவடிக்கை ஆரம்பிச்சுது, வழக்கு போட்டது கிரிக்கெட் போர்டு, ஜெர்சி ஸ்பான்சர் பணம் 158 கோடி பாக்கின்னு.

வீட்டுக்கு வந்து விக்கிற முறை பத்தியும் ஒரு வார்த்தை. முதல்ல 'ஸ்காலர்ஷிப் டெஸ்ட்'. பிள்ளைக்கு 70% ஸ்காலர்ஷிப் கிடைச்சிடும், எல்லா பிள்ளைக்கும் கிடைக்கும் அது. அப்புறம் அப்பா அம்மா ரெண்டு பேரும் இருக்குற நேரத்துல வருவாங்க. பிள்ளைய கூப்பிட்டு முன்னாடி நிக்க வச்சு ஒரு கேள்வி கேப்பாங்க, அது முழிக்கும், உங்க மூஞ்சி வாடும், அந்த நிமிஷத்துல ஃபார்ம் வெளிய வரும், அதுவும் "இன்னிக்கு ராத்திரி 12 மணி வரைக்கும் தான் இந்த ரேட்"னு. நாளைக்கு வாங்கன்னு சொல்லி அனுப்பிட்டீங்கன்னா நாளைக்கும் அதே ரேட் தான் இருக்கும், சொல்லப்போனா கொறஞ்சிருக்கும்.

இவ்ளோ சொல்லியும் எப்ப வாங்கலாம்? பிள்ளை தானா உக்காந்து படிக்கிற டைப்பு, ஏற்கனவே ஓசி வீடியோ பாத்து நோட்ஸ் எடுக்குது, நீட் ஜேஇஇ மாதிரி எதுக்காவது நெறைய கேள்வி ஒழுங்கா வரிசைப்படுத்தி வேணும், அத மாச சந்தால லோன் இல்லாம வாங்க முடியுது. இந்த நாலும் சேந்து வந்தா தாராளமா வாங்குங்க. சும்மா கெடக்குற பிள்ளைய படிக்க வைக்கணும்னு வாங்குறது ஜிம்முக்கு வருஷ ஃபீஸ் கட்டி வச்ச மாதிரி தான்.

## 2. ஆன்லைன்ல நேரடி ஆள், ஒருத்தருக்கு ஒருத்தர் இல்லனா சின்ன பேட்ச்

ஆப்பையும் இதையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிறாங்க. இங்க அந்தப் பக்கம் உயிரோட ஒரு ஆள் இருக்காங்க, அது பெரிய வித்தியாசம். நோட்ட கேமரா முன்னாடி காட்டச் சொல்ற டீச்சர் கிடைச்சா, மேல சொன்ன பென்சில் கிறுக்கல் இங்கயும் மாட்டும். முகத்த மட்டும் பாத்துட்டு "அன்டர்ஸ்டுட்?"னு கேட்டா பிள்ளை "யெஸ் மேம்"னு சொல்லும், அவ்ளோதான் கதை. அதனால டெமோ கிளாஸ்ல ஒண்ணே ஒண்ணு பாருங்க, அவங்க ஒரு தடவையாவது நோட்ட கேக்குறாங்களா இல்லையான்னு.

ஒரு மணி நேர வீடியோ கிளாஸுக்கு அரை ஜிபிலருந்து ஒரு ஜிபி வரைக்கும் போகும். ஒன்றரை ஜிபி பேக் போட்டுருக்குற ஃபோன்ல அம்மாவோட யூபிஐயும் அதுலதான், அப்பாவோட ஆபீஸ் கால் வந்தா கிளாஸ் கட்டு. ஒரு ஃபோன் தான் இருக்குற வீட்ல இது நடைமுறைல ஓடாது, ரெண்டாவது ஃபோன் வாங்குவீங்க, அந்தச் செலவையும் இதுலயே எழுதுங்க. டீச்சர் அடிக்கடி மாறுறது இன்னொரு தலைவலி, புதுசா வர்றவங்க முதல் ரெண்டு கிளாஸ் "எதுவரைக்கும் முடிஞ்சிருக்கு"ன்னு கேட்டே ஓட்டுவாங்க.

ஃபோனக் கையில குடுத்தா என்ன நடக்கும்ங்கறதுக்கு அசர்னு கிராமப்புற பிள்ளைங்க படிப்ப பத்தி எடுக்குற சர்வே இருக்கு, 2024ல எடுத்தது. கிராமப்புறத்துல 14-16 வயசு பிள்ளைங்கள்ல ஒரு வாரத்துல படிப்புக்கு ஃபோன பயன்படுத்துனவங்க 57%, சோஷியல் மீடியாவுக்கு 76%. நம்ம பிள்ளை மட்டும் அந்த 57ல மட்டும் இருக்கும்னு நம்புறது நம்ம பாசம்.

எங்க இது தான் பெஸ்ட்டுன்னா: ப்ளஸ் டூ பிசிக்ஸ் எடுக்க ஊர்ல ஆளே இல்லாத எடம், ராத்திரி ஏழு மணிக்கு மேல பொம்பளப் பிள்ளைய அனுப்ப பஸ் இல்லாத ஊரு, உடம்பு முடியாம வீட்ல இருக்குற பிள்ளை. இவங்களுக்கெல்லாம் ஸ்க்ரீன் நல்லதா கெட்டதான்னு பேசிட்டு இருக்குறதே தப்பு, இருக்குறதுல இது தான் வழி. மாசாமாசம் கட்டுற மாதிரி மட்டும் சேருங்க.

## 3. தெரு டியூஷன்

2025ல வந்த மத்திய அரசோட கல்விச் சர்வே படி நாட்டுல 27% பிள்ளைங்க தனியா கோச்சிங், டியூஷன் போறாங்க. நம்ம ஊர்ல இது யாருக்கும் புதுசு இல்ல. பிஎஸ்சி பிஎட் முடிச்சுட்டு வீட்ல இருக்குற அக்கா, மொட்ட மாடில ஷீட் போட்ட கொட்டகை, ஒரு வெள்ள போர்டு. எங்க ஏரியால ஒம்பதாவது பத்தாவதுக்கு எல்லா பாடமும் சேத்து மாசம் 800லருந்து 1,500 வரைக்கும், சென்னைல கண்டிப்பா கூட இருக்கும்.

இங்க என்ன பெருசுன்னா பிள்ளை ரெண்டு நாள் வரலனா அக்கா ஃபோன் பண்ணுவாங்க, "என்னங்க, பாப்பாவ காணோம்?" எந்த நோட்டிஃபிகேஷனும் இதுக்கு ஈடாகாது, ஸ்வைப் பண்ணி தள்ளிடலாம்ல அத. பிடிக்கலனா அடுத்த மாசம் நிறுத்திக்கலாம், சிபில் கிபில் எதுவும் இல்ல, மூஞ்சிய பாக்க கொஞ்சம் சங்கடமா இருக்கும் அவ்ளோதான். தகவலும் அந்த அக்காவோட அட்டை போட்ட நோட்டுல தான் இருக்கும் (தெருவுக்கே தெரிஞ்சிடும்ங்கறது வேற கதை).

இதுக்கு ஆதாரம் இருக்கான்னு கேட்டா, கிட்டத்தட்ட இதே மாதிரி ஒண்ணுக்கு நம்ம தமிழ்நாட்டுலயே இருக்கு. கொரோனாவுக்கு அப்புறம் 2021 அக்டோபர்ல ஆரம்பிச்ச இல்லம் தேடிக் கல்வி. அந்தந்த தெருவுல இருக்குற தன்னார்வலர், பெரும்பாலும் பொண்ணுங்க, மாசம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை, சாயங்காலம் ஒரு மணி ஒன்றரை மணி நேரம், ஒண்ணாவதுலருந்து எட்டாவது வரைக்கும். கிராமத்து பிள்ளைங்க 19,000 பேர் கிட்ட டெஸ்ட் வச்சு பாத்ததுல, ஸ்கூல் திறந்து ஆறு மாசத்துக்குள்ள விட்டுப்போனதுல மூணுல ரெண்டு பங்க பிடிச்சுட்டாங்க, அதுல ஏறக்குறைய கால் பங்குக்கு இந்த சாயங்கால வகுப்பு காரணம்னு வந்துச்சு. டேப் இல்ல, அனிமேஷன் இல்ல. எட்டாவதுக்குள்ள படிக்கிற பிள்ளை அரசுப் பள்ளில இருந்தா உங்க ஏரியால மையம் இன்னும் நடக்குதான்னு ஸ்கூல்ல கேட்டுப் பாருங்க.

அதுக்காக டியூஷன தலைல தூக்கி வைக்கவும் மாட்டேன். முப்பத்தஞ்சு பிள்ளைங்கள ஒரே ஹால்ல அடச்சு, எட்டாவதும் பத்தாவதும் ஒண்ணா உக்காந்து, கைடு பாத்து ஒன் வேர்ட் மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிற எடம் நெறைய இருக்கு. அங்க நோட்ட பாக்குறதுன்னா டிக் அடிக்கிறது, அவ்ளோதான். ஸ்கூல் ஹோம்வொர்க்க முடிக்கிறதுக்கு மட்டும் நடக்குற டியூஷனும் இருக்கு, வீட்ல நமக்கு நிம்மதி, பிள்ளைக்கு ஒண்ணும் ஏறாது. அடிக்கிற எடம்னு தெரிஞ்சா அன்னிக்கே நிறுத்துங்க. இன்னொண்ணு, ஸ்கூல் டீச்சரே "எங்கிட்ட வந்தா தான் இன்டர்னல்"ங்கற மாதிரி பேசுனா, கல்வி உரிமைச் சட்டம் 28வது பிரிவுல ஆசிரியர் தனியா டியூஷன் எடுக்கக் கூடாதுன்னு தெளிவா இருக்கு.

மறைஞ்ச செலவுன்னு பாத்தா பிள்ளையோட நேரம் தான். நாலரைக்கு வந்து, அஞ்சரைக்கு டியூஷன், எட்டு மணிக்கு திரும்ப, சாப்பாடு, தூக்கம். விளையாட்டுன்னு ஒண்ணு எங்க இருக்கு அதுல? வாரத்துல ஆறு நாள் போகணும்னு இல்ல, கணக்குக்கு மட்டும் மூணு நாள் வருவான்னு பேசிப் பாருங்க, நெறைய அக்காக்கள் ஒத்துக்குவாங்க.

## 4. ஓசில கிடைக்கிறது

நம்ம தமிழ்நாட்டு பாடப்புத்தகத்துல 2018லருந்து க்யூஆர் கோடு இருக்கு, ஸ்கேன் பண்ணா அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். கல்வித் தொலைக்காட்சி 2019லருந்து ஓடுது. 2023ல வந்த தமிழ்நாடு அரசோட மணற்கேணி ஆப்ல ஒண்ணாவதுலருந்து ப்ளஸ் டூ வரைக்கும் மாநிலப் பாடத்திட்டத்துக்கு தமிழ், இங்கிலீஷ் ரெண்டுலயும் இருக்கு. சமச்சீர் படிக்கிற பிள்ளைக்கு நாப்பதாயிரம் குடுத்து வாங்குற ஆப்ப விட இது தான் புத்தகத்தோட ஒட்டிப் போகும், ஏன்னா அதுல பாதி சிபிஎஸ்இக்குன்னு பண்ணது, தலைப்பு மட்டும் மாத்தி வச்சிருப்பாங்க.

ஓசிங்கறதால சுத்தம்னும் நெனைக்காதீங்க. ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச்ங்கற மனித உரிமை அமைப்பு 2022ல 49 நாடுகள்ல அரசாங்கமே பரிந்துரைச்ச 164 கல்வி ஆப், வெப்சைட்ட ஆராஞ்சு பாத்தாங்க, 146ல பிள்ளைங்களோட தகவல் விஷயத்துல தப்பு இருந்துச்சு. நம்ம மத்திய அரசோட பாட ஆப் தீக்‌ஷாவும் அந்த லிஸ்ட்ல இருக்கு. 2023 ஜனவரில அதே தீக்‌ஷால பாதுகாப்பு இல்லாம கெடந்த ஒரு சர்வர்ல லட்சக்கணக்கான மாணவர்கள், ஆசிரியர்கள் தகவல் வெளிய தெரிஞ்சதும் செய்தில வந்துச்சு. தனியார் ஆப்போ நம்பர் குடுத்த அடுத்த நாள்லருந்து ஃபோன் மேல ஃபோன் வரும். 2023 டேட்டா பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசுக்குள்ள இருக்குற பிள்ளைங்க தகவலுக்கு பெத்தவங்க சம்மதம் வேணும்னு இருக்கு. ஆனா அதுக்கான விதிகளே 2025 நவம்பர்ல தான் வந்துச்சு, படிப்படியா தான் அமலுக்கு வருது. அதுவரைக்கும் லொகேஷன், கான்டாக்ட் எல்லாத்தையும் 'டோன்ட் அலவ்' போட்டு வைங்க, பாடம் ஓடறதுக்கு அது எதுவும் தேவையில்ல.

இந்த வழில காசு போகாது, நீங்க போகணும். வீடியோவ முடிவு பண்றது, ஃபோன பக்கத்துல உக்காந்து பாக்குறது, அப்புறம் நோட்டத் தொறந்து பாக்குறது, இதுக்கு தினமும் அரை மணி நேரம். ரெண்டு பேரும் வேலைக்கு போற வீட்ல அரை மணிங்கறது சின்ன விஷயம் இல்லன்னு எனக்கு தெரியும், குக்கர் விசில எண்ணிக்கிட்டே தான் நானும் பாக்குறேன். நமக்கு கணக்கு தெரியணும்னு கூட இல்ல. "இது எப்படி வந்துச்சு, எனக்கு சொல்லு"ன்னு கேட்டாலே எங்க மாட்டுதுன்னு பாதி வெளிய வந்துடும்.

முடிஞ்சவரைக்கும் படிக்கிறத பேப்பர்லயே வச்சுக்கோங்க. 54 ஆராய்ச்சிகள், 1.7 லட்சம் பேர சேத்துப் பாத்த ஒரு அலசல் 2018ல வந்துச்சு, ஸ்க்ரீன்ல படிக்கிறத விட பேப்பர்ல படிச்சா தான் புரியுதுன்னு, அதுவும் நேரம் வச்சு படிக்கும்போது. ஸ்வீடன்ல 2023ல அரசாங்கமே காசு ஒதுக்கி ஸ்கூலுக்கு அச்சுப் புத்தகத்த திரும்ப கொண்டு வந்தாங்க. வீடியோ பாக்க ஃபோன், படிக்க புத்தகம், போட்டுப் பாக்க நோட்டு.

## 5. ஏஐ கிட்ட கேக்குறது

இத நீங்க ஆப்ஷன்னு வச்சிருக்கீங்களோ இல்லையோ, பிள்ளை ஏற்கனவே வச்சிருக்கு. கணக்க ஃபோட்டோ எடுத்து போட்டா ஸ்டெப் ஸ்டெப்பா வருது, ஹோம்வொர்க் பத்து நிமிஷத்துல முடியுது.

துருக்கில ஏறக்குறைய ஆயிரம் ஹைஸ்கூல் பிள்ளைங்கள வச்சு பாத்தாங்க. ஜிபிடி-4ங்கற ஏஐய கூட வச்சுக்கிட்டு கணக்கு போட்டப்ப, அது இல்லாத பிள்ளைங்கள விட 48% கூடுதலா எடுத்தாங்க. அப்புறம் அத புடுங்கிட்டு பரீட்சை வச்சா, அது கைலயே கிடைக்காத பிள்ளைங்கள விட 17% கம்மி. விடைய சொல்லாம குறிப்பு மட்டும் குடுக்குற மாதிரி மாத்துனதும் அந்த நஷ்டம் பெரும்பாலும் போயிடுச்சு, ஆனா பரீட்சைல லாபமும் வரல. அதனால போட்டுட்டு சரி பாக்க, "நான் எங்க தப்பு பண்ணேன்"னு கேக்க வச்சுக்கலாம். தொடங்குறதுக்கே அதத் தொறந்தா ஆபத்து. டியூஷனுக்கோ கூட உக்கார ஆளுக்கோ பதிலா இத வைக்க முடியாது, இன்னிக்கு தேதிக்கு.

## ஒரே பார்வைல

| வழி | நோட்டு பாக்குறது | செலவு | மறைஞ்சு வர்றது | நிறுத்துறது |
|---|---|---|---|---|
| ஆப், டேப் பேக்கேஜ் | யாரும் இல்ல | ரொம்ப அதிகம் | லோன், பவுன்ஸ் சார்ஜ், சிபில், டேப் ரிப்பேர் | ரொம்ப கஷ்டம் |
| ஆன்லைன் நேரடி ஆள் | டீச்சர பொறுத்தது | நடுத்தரம் | டேட்டா, ரெண்டாவது ஃபோன் | மாச ஃபீஸ்னா சுலபம் |
| தெரு டியூஷன் | சின்ன பேட்ச்னா உண்டு | கம்மி | விளையாட்டு நேரம், போக வர | சுலபம் |
| ஓசி வீடியோ, புத்தகம் | நீங்க தான் | டேட்டா மட்டும் | உங்க அரை மணி, பிள்ளையோட தகவல் | எப்ப வேணா |
| ஏஐ | ஃபோட்டோ எடுத்து போட்டா மட்டும் | ஓசி, இல்லனா கம்மி | சுயமா போடுற பழக்கம் | சொல்லலாம், கேக்குமா? |

## அப்ப நான் எத எடுப்பேன்

அஞ்சாவது வரைக்கும் எதுவும் வேணாம், ஸ்கூலும் நீங்களும் போதும். ஆறுலருந்து எட்டு வரைக்கும் ஓசி வீடியோவும் நோட்டும், ஒரு பாடத்துல மட்டும் சறுக்குனா அந்தப் பாடத்துக்கு மட்டும் டியூஷன். ஒம்பது பத்துல பத்து பன்னெண்டு பேருக்கு மேல சேக்காத அக்கா கிடைச்சா அது தான், கிடைக்கலனா ஆன்லைன் ஆள், மாச ஃபீஸ்ல. எம்பொண்ணு கணக்குக்கு மட்டும் வாரம் மூணு நாள் போறா, மத்ததுக்கு மணற்கேணியும் புத்தகமும். ப்ளஸ் ஒன்னுக்கு அப்புறம் நீட் மாதிரி ஏதாவதுன்னா ஆப்ப யோசிக்கலாம், லோன் இல்லாம.

டியூஷனோ கோச்சிங்கோ எதுல சேந்தாலும் முதல் மாசம் முடிஞ்சதும் நோட்ட தொறந்து பாருங்க. தப்பு போட்ட எடத்துல யாராவது ஏதாவது எழுதிருக்காங்களா, அடுத்த பக்கத்துல அதே தப்பு கொறஞ்சிருக்கா. டிக் மட்டும் இருந்தா எடத்த மாத்துங்க.

## ஏற்கனவே வாங்கி மாட்டிக்கிட்டவங்களுக்கு

முதல்ல உங்க மெயில்ல, எஸ்எம்எஸ்ல லோன் அக்ரிமென்ட் இருக்கான்னு தேடுங்க. 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்'னு ஒரு தாள் கண்டிப்பா குடுத்திருக்கணும், அதுல யார் கடன் குடுத்தது, மொத்தம் எவ்ளோ, எத்தன நாளைக்குள்ள வேணாம்னு சொல்லலாம்னு எல்லாம் இருக்கும். அந்த நாளுக்குள்ள இருந்தீங்கன்னா இன்னிக்கே மெயில் போடுங்க, ரெண்டு பேருக்கும், கோர்ஸ் கம்பெனிக்கும் ஃபைனான்ஸ் கம்பெனிக்கும். ஃபோன்ல "ஓகே மேடம் கேன்சல் பண்ணிடறோம்"னு சொன்னா அத நம்பிட்டு உக்காராதீங்க, அந்த ஆள் அடுத்த மாசம் அங்க வேலைல இருக்க மாட்டார்.

கோவத்துல பேங்க் ஆப்ல போய் மேண்டேட்ட மட்டும் கேன்சல் பண்ணிடாதீங்க. தவணை எடுக்குறது நிக்கும், கடன் நிக்காது, சிபில்ல நீங்க கட்டாதவர்னு ஏறிடும். கடன முடிச்சுட்டோம்னு ஃபைனான்ஸ் கம்பெனிகிட்டருந்து எழுத்துல வாங்குனதுக்கு அப்புறம் மேண்டேட்ட எடுங்க. கோர்ஸ் கம்பெனி பணத்த திருப்பித் தர மாட்டேன்னா 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதிவு பண்ணலாம். ஃபைனான்ஸ் கம்பெனி மேல புகார்னா முதல்ல அவங்களுக்கே எழுத்துல குடுக்கணும், 30 நாள் ஆகியும் பதில் வரலனா, இல்ல வந்த பதில் சரியில்லனா ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மனுக்கு (புகார விசாரிக்கிற குறைதீர்ப்பு அதிகாரி) ஆன்லைன்லயே போடலாம், ஃபீஸும் கிடையாது, வக்கீலும் வேணாம்.